பதினொரு மாதக் கம்பி

பாஸ் கிட்டார் கம்பி அறுந்தால்தான் அதை மாற்ற வேண்டும் என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஐயா. தடித்த கம்பி லேசில் அறுவதில்லை. ஆனால் தேயும். என் கையில் ஒரு செட் பதினொரு மாதம் வரும். மற்றவர்களிடம் மூன்று மாதம் தாங்கினால் பெரிது. கடையில் வாங்குவது எல்லாம் ஒரே கம்பிதான், வாசிக்கிற கைதான் வேறு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது. விஜயபாண்டியை நேற்றுக் காலையிலிருந்து காணவில்லை. அவர் மனைவி தமிழ்செல்வி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஒங்ககிட்டச் சொல்லாம எங்கயும் போக மாட்டாரே, எங்கண்ணே போனாரு?" என்று கேட்டாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லையாம், பாவம். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வாசலில் அந்த ஜீப்பை அணைக்கச் சொல்லுங்கள், புகை உள்ளே வருகிறது.

என் பெயர் சோணை. போடியில் எங்கள் இன்னிசைக் குழுவில் இருபத்திரண்டு வருடமாக பாஸ் வாசிக்கிறேன். தேவாரம், பொட்டிபுரம், ராசிங்காபுரம் என்று நான் ஏறாத திருவிழா மேடை கிடையாது. ஆடியிலிருந்து மாசி வரை மலையில் வேறு வேலை. பறித்த பச்சை ஏலக்காயை ஸ்டோருக்குக் கொண்டுவந்து, உலர்த்தும் அறையில் தட்டுத் தட்டாகப் பரப்பி, வெளியே அடுப்பு எரிப்போம். புகை பெரிய குழாய் வழியாக அறைக்குள் சுற்றிக் கூரைக்கு மேலே போய்விடும். சூடு மட்டும் உள்ளே தங்கும். அந்த அடுப்பைப் பார்ப்பதுதான் என் சோலி. ஏழெட்டு எஸ்டேட்டுக்கு நான் ஒருவன்தான். சூடு கூடினால் காயின் பச்சை போய்விடும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். நான் எரித்த காயில் நிறம் போனது என்று எந்த முதலாளியும் ஒரு சொல் சொன்னதில்லை. அவசரப்படுகிறவனுக்கு அந்த வேலை வராது, கிட்டாரும் வராது.

கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே புரியும். உள்ளே ஒரு நேர்க்கம்பி, அதன்மேல் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் பதிந்திருக்கும், ஃப்ரெட் என்போம். இடது விரலால் கம்பியை அதன்மேல் அழுத்த வேண்டும். முரடாக அழுத்தினால் கம்பியின் அடிப்பக்கத்தில், ஃப்ரெட்டுக்கு நேராகப் பள்ளம் விழும். விரலைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி வாசித்தால் அந்தப் பள்ளம் அகலமாகும். பிளாஸ்டிக் துண்டு வைத்து மீட்டினால் வலது கைப் பக்கம் சுற்றுக்கம்பி சுரண்டிப்போகும். கட்டைவிரலால் ஓங்கி அடித்து, ஆள்காட்டி விரலைக் கொக்கி போட்டு இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. அதை ஸ்லாப் என்பார்கள். அவர்கள் கம்பி, கழுத்து முடிகிற இடத்தில், கடைசி இரண்டு ஃப்ரெட்டுக்கு நேராக நசுங்கியிருக்கும். கை வேர்வை பட்டதைத் துடைக்காமல் விட்டுவிட்டால் ரெண்டே வாரத்தில் கறுத்துவிடும். நான் வாசித்து முடித்த கையோடு பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுவேன். கழற்றிப் போட்ட கம்பியைப் பார்த்தே வாசித்தது யார் என்று சொல்லிவிடுவேன், ஐயா. குழுவில் பந்தயம் கட்டிப் பார்த்திருக்கிறார்கள், ஒருதரமும் நான் தோற்றதில்லை.

மாசிக் கடைசியில் மலையிலிருந்து இறங்கி வந்து, கிட்டாரை உறையிலிருந்து எடுத்தேன். ஐப்பசியில் தீபாவளிக்கு இறங்கி வந்தபோது போட்ட கம்பி. அதில் நான் ரெண்டு கச்சேரிதான் வாசித்திருந்தேன். விரலை அடியில் விட்டுத் தடவினேன். ஏழாவது ஃப்ரெட்டில் பள்ளம். ஒன்பதாவதில் பள்ளம். நான் ஐந்தைத் தாண்டுவதே இல்லை. கழுத்து முடிகிற இடத்தில் தடித்த கம்பி ரெண்டும் நசுங்கிப்போயிருந்தன. நான் மலையில் இருக்கும்போது என் வீட்டுக்குள் ஒருவன் உட்கார்ந்து ஸ்லாப் அடித்திருக்கிறான். ஒருநாள் ரெண்டுநாள் அல்ல, மாதக்கணக்கில்.

போடியில் ஸ்லாப் அடிக்கிறவர் ஒரே ஆள்தான். விஜயபாண்டி இப்போது குழுவை நடத்துகிறார், கீபோர்டு வாசிக்கிறார். ஆனால் சின்ன வயதில் பாஸில் ஸ்லாப் அடித்தே பேர் வாங்கியவர். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு தெரு. என் மனைவி முத்துப்பிரியா என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போய்விட்டு நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். பிள்ளை இல்லை. நான் மலையில். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. கம்பி கறுக்கவில்லை. யாரோ ஒவ்வொரு தரமும் துடைத்து வைத்திருக்கிறார்கள். விஜயபாண்டி எதையும் துடைத்து வைக்கிற ஆளே இல்லை, டீ குடித்த டம்ளரை ஆம்ப்ளிஃபயர் மேலேயே வைத்துவிட்டுப் போகிறவர். அதை நான் யோசித்தேன். யோசித்துவிட்டு ஒதுக்கிவிட்டேன்.

சண்டை போடுவது என் வழக்கம் இல்லை. புதுக் கம்பி ஒரு செட் வாங்கி மாட்டினேன். ஸ்டோர் கழுவுகிற வேலை இருக்கிறது என்று முத்துப்பிரியாவிடம் சொல்லிவிட்டு மூன்று நாள் மலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அதே இடங்களில் புதுப் பள்ளம். அவளைக் கூப்பிட்டு, "யாரு வாசிச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன்.

"சிரிக்காதீங்க. நம்பலேன்னா கொண்டாங்க, வாசிச்சுக் காட்டுறேன்."

கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகி, நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தாள். அந்தக் கட்டைவிரல் எப்படி இறங்கியது தெரியுமா, ஐயா? தினமும் எட்டு மணி நேரம் காய் பொறுக்கிய விரல். கண்ணை மூடிக்கொண்டுகூட நிறுத்தாமல் வாசிக்கிறாள். சுதி ஒரு இழை விலகவில்லை. நான் இருபத்திரண்டு வருடத்தில் போகாத இடத்துக்கெல்லாம் அவள் இடது கை போய்விட்டு வந்தது. நான் நின்றுகொண்டே கேட்டேன். முடித்ததும் அந்த வேட்டித் துணியை எடுத்து, மேலிருந்து கீழாக, கம்பி கம்பியாகத் துடைத்தாள்.

"நீங்க மலைக்குப் போயிட்டா வீடு வெறிச்சுன்னு கெடக்கும். போன்ல பாத்துப் பாத்துப் பழகுனேன். யாரும் சொல்லிக் குடுக்கல. கம்பி போச்சுன்னு வைவீங்களேன்னுதான் தொடச்சுத் தொடச்சு வச்சேன்" என்றாள்.

ஆமாம், ஐயா. நீங்கள் கேட்பது சரி. விஜயபாண்டிக்கும் என் வீட்டுக்கும் ஒன்றும் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. மானம் மரியாதை என்று நான் எழுதிக் கொடுத்தால் நீங்களும் எழுதிக்கொள்வீர்கள், கோர்ட்டிலும் கொஞ்சம் இரக்கம் காட்டுவார்கள். அதற்காகத்தான் அதை முதலில் சொன்னேனோ என்னவோ. ஆனால் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவள் அப்போது வாசித்ததைத் தெருவில் போன விஜயபாண்டி கேட்டுவிட்டார். நான் வாசிக்கிறேன் என்று நினைத்துத்தான் உள்ளே வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றக்கூட மறந்து நிலைப்படியில் நின்றார். "மதினி, யாத்தாடி! இத்தன நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். அவளை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அவளும் வாசித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர், குத்திப் பேசத் தெரியாது. அதனால் மெதுவாகத்தான் சொன்னார். "அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீங்க. நீங்க வாசிக்கிறது மேடையில கேக்கவே மாட்டேங்குது. ஸ்பீக்கர்ல கூட்டி வச்சா இரைச்சல்தான் வருது. பதினோரு மாசம் ஒரே கம்பிய வச்சிருந்தா அது செத்துப்போகாம என்னண்ணே செய்யும்? கம்பி தேயட்டும், தேஞ்சா மாத்திக்கிருவோம். ராசிங்காபுரம் கச்சேரிக்கு மதினி வாசிக்கட்டும். நீங்களும் எங்ககூட வாங்க, முன்னால நல்ல சேரா பாத்து உக்காந்து கேளுங்க."

நான் சரி என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தோம். மறுநாள் புதுக் கம்பி வாங்கி அவளுக்கு நானே மாட்டிக் கொடுத்தேன். ஒத்திகைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். பறிப்பு முடிந்த மாதங்களில் ஒரு பழைய ஸ்டோரில்தான் எங்கள் ஒத்திகை நடக்கும். சுவர் கனமானது, எவ்வளவு சத்தம் வைத்தாலும் வெளியே கேட்காது. குழுவே அவளைச் சுற்றி நின்றுகொண்டு கைதட்டியது. என்னைப் பார்த்து, குடுத்துவைத்தவர் நீங்கள் என்றார்கள். ராசிங்காபுரத்தில் பிளக்ஸ் வைத்தார்கள். பாஸ் கிட்டார், முத்துப்பிரியா சோணை என்று போட்டிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் பிளக்ஸில் என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் அவள் பெயருக்குப் பின்னால்.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். வயிறு எரிந்தது, ஐயா. அவள் வீட்டில் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் கம்பி நசுங்குவது எனக்குத் தெரியும், அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த அறையில் படுத்திருப்பேன். ஆனால் அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெண்பிள்ளை, ஆசைப்பட்டுவிட்டாள். நாலு நாளில் விட்டிருப்பாள். மேடையில் ஏற்றுகிறேன் என்று அவர் சொன்னதுதான் தப்பு. அவர் இல்லாவிட்டால் கச்சேரி இல்லை. கச்சேரி இல்லாவிட்டால் அவள் ஏற மேடை இல்லை. இதை நான் கோபத்தில் யோசிக்கவில்லை, நிதானமாகத்தான் யோசித்தேன்.

கச்சேரி இன்றைக்குச் சாயங்காலம். நேற்றுக் காலை விஜயபாண்டியிடம் போனேன். மலையில் ஒரு ஸ்டோரில் பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது, பாஸுக்கு நன்றாக இருக்கும், வந்து பார்த்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றேன். சந்தோஷமாக என் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அவளைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த வருடம் மதுரைப் பக்கம் மேடை பிடிக்கலாம் என்றார். "ஒங்க வீட்டுல இப்படி ஒரு ஆளு இருக்குன்னு ஒங்களுக்கே தெரியாமப்போச்சேண்ணே" என்று என் முதுகில் தட்டினார். கொண்டை ஊசி வளைவு, நான் கியரைக் குறைத்தேன்.

நீங்கள் நேற்றே எங்கள் ஒத்திகை ஸ்டோரைத் திறந்து பார்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது அல்ல. பறிப்பு முடிந்தால் ஏழெட்டு ஸ்டோர் சாவியும் என்னிடம்தான் இருக்கும். ஆடி வரை அந்தப் பக்கம் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

உலர்த்தும் அறையில், தட்டுகளுக்குப் பின்னால் பெட்டி இருக்கிறது என்றேன். குனிந்து போக வேண்டும். சட்டைப்பையிலிருந்து விழுந்துவிடும் என்று போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இதோ, இதுதான் அந்தப் போன். அணைத்து வைத்திருக்கிறேன். நான் கதவை இழுத்துச் சாத்தி, கொண்டி போட்டுப் பூட்டினேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். "அண்ணே, வெளையாடாதீங்கண்ணே, வெரசாத் தொறங்க, சாயங்காலம் ஒத்திகை இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

அடுப்பில் நாலு கட்டை வைத்தேன். உட்காருங்கள், ஐயா. நாலே கட்டைதான். ஒரு ஈடு காய்க்கு அதைப் போல் மூன்று மடங்கு வேண்டும். பங்குனியிலும் மலையில் குளிர் உண்டு, அவருக்கு நெஞ்சுச் சளி வேறு. குளிரக் கூடாதே என்றும் ஒரு எண்ணம். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டேன். தமிழ்செல்வி வந்து கேட்டாள், தெரியாது என்றேன். முத்துப்பிரியா கச்சேரிக்குப் புடவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். விஜயபாண்டி அண்ணனைக் காணோமே, கச்சேரி நடக்குமா என்று கவலைப்பட்டாள். நடக்காது என்று நினைத்தேன். இன்றைக்கு விடிந்ததும், கீபோர்டுக்கு வேறு ஆள் பார்த்துவிட்டோம், கச்சேரி எப்படியும் நடக்கும், மதினி வந்துவிட வேண்டும் என்று குழுவிலிருந்து போன் வந்தது.

அதை நான் யோசிக்கவில்லை. அந்த ஒன்றில்தான் தவறிவிட்டேன்.

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். கதவில் காதை வைத்தேன். தட்டிக்கொண்டிருந்தார். நேற்றுப் போல் வேகமாக இல்லை. தட்டு, நெடு நேரம் இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. குரல் இல்லை. அப்போது மணி ஏழு இருக்கும். சாவி என் கையில்தான் இருந்தது. திறந்துவிட்டால் நேராக ராசிங்காபுரம் போவார், அவளை மேடையில் ஏற்றுவார். திறக்காவிட்டாலும் அவள் ஏறுவாள். என்ன செய்வது என்று புரியவில்லை. அடுப்பில் இன்னும் நாலு கட்டை வைத்துவிட்டு, உங்களிடம் வந்தேன்.

மேசையைத் தட்டாதீர்கள், ஐயா. அடித்தாலும் நான் சொல்லப் போவதில்லை. இந்த மலையில் பூட்டிக் கிடக்கிற ஸ்டோர் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு போனால் நாளைக்கும் முடியாது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. முத்துப்பிரியா இன்றைக்கு வாசிக்கக் கூடாது. இனி எப்போதும் வாசிக்கக் கூடாது. அதை அவளே என் எதிரில் சொல்ல வேண்டும். வெளியே தமிழ்செல்வி பக்கத்தில்தான் இருக்கிறாள், கூப்பிடுங்கள்.

வா, முத்துப்பிரியா. ஐயா சொன்னதைக் கேட்டாயா?

"கேட்டேன். அந்த மனுசன் எங்க?"

முதலில் நீ சொல்.

"வாசிக்க மாட்டேன். சாமி சத்தியமா இனி அதத் தொட மாட்டேன். போதுமா? என் கைய வேணும்னாலும் ஒடிச்சுப் போடுங்க. அந்தப் பிள்ளை தமிழ்செல்வி வெளிய உக்காந்து நெஞ்சில அடிச்சுக்கிட்டுக் கெடக்கு. நீங்கல்லாம் ஒரு மனுசனா? சொல்லித் தொலைங்க!"

போதும். இது போதும், ஐயா. அவள் சொன்னால் செய்வாள், நல்ல பெண். அழாதே, முத்துப்பிரியா. உன்னை நான் ஒரு சொல் சொல்லவில்லையே.

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், பதினைந்தாவது கொண்டை ஊசி தாண்டியதும் வலது கையில் ஒரு மண்ரோடு இறங்கும். கடைசியில் தகரக் கூரை போட்ட ஸ்டோர். இந்தாருங்கள் சாவி, சிவப்புக் கயிறு கட்டியது. ஜீப்பில் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். கதவைத் திறந்ததும் எடுத்தவுடன் உள்ளே போகாதீர்கள், சூடு அடிக்கும். தண்ணீர் கொண்டுபோங்கள்.

அவர் கண் விழித்துப் பேசுகிற நிலையில் இருந்தால் நான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாயங்காலக் கச்சேரிக்கு பாஸ் வாசிக்க ஆள் தேடி அலைய வேண்டாம், சோணை சும்மாதான் இருக்கிறான்.